அரைத் தட்டு முந்தி

இரண்டு நிமிடம் பதினோராவது நொடியில் ஒரு தப்பு இருந்தது. அதைத் திருத்தப் போகிறார்கள் என்று சொல்வதற்காகத்தான் அந்த இரண்டு பேரும் சனிக்கிழமை மத்தியானம் மூன்று மாடி ஏறித் தீரன் வீட்டுக்கு வந்திருந்தார்கள்.

ஒருவர் எட்வின். காந்திபுரத்தில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அறுபதைத் தாண்டியவர். ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. இன்னொருத்தி ரஹீமா. இருபத்தெட்டு வயது, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற ரகம். தீரன் இவர்களைக் கடைசியாகப் பார்த்தது மின்மயானத்தில். பதினோரு மாதம் ஆகியிருந்தது. அன்றைக்கு நாற்பது பேருக்கு மேல் வந்து, தாங்கள் யார் என்றுகூடச் சொல்லாமல் அவன் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். எல்லோரும் பவளத்தின் ஆட்கள்.

பவளக்கொடி அவன் மனைவி. முப்பத்து மூன்று வயதில் ரத்தப் புற்றுநோயில் போனாள். அவளுக்கு இரண்டு உலகம் இருந்தது. ஒன்றில் தீரன் இருந்தான். இன்னொன்று, எட்வினின் கடை மாடியில் ஞாயிறு காலை பத்தரைக்குக் கூடுகிற பூபதி ரசிகர் வட்டம். பூபதி என்ற இசையமைப்பாளர் அறுபது வருடத்துக்கு முன்னால் போட்ட பாட்டுகளை இன்னும் கேட்டு முடிக்காதவர்கள். வாரத்துக்கு ஒரே ஒரு பாட்டு. அது மூன்று தடவை ஓடும். ஆளுக்கு ஒரு வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு, அதை மட்டும் முதலிலிருந்து கடைசி வரை விடாமல் தொடர வேண்டும். பிறகு டீ, பிறகு சண்டை.

தீரன் ஒரு நாளும் போனதில்லை. அவனுக்குப் பாட்டு கேட்கத் தெரியாது. பம்பு கம்பெனியில் சோதனைப் பிரிவு என்ஜினியர். நாள் முழுக்க மோட்டார்களின் சத்தத்தைக் கேட்டு எது தேறும், எது தேறாது என்று சொல்கிறவன். வீட்டுக்கு வந்தபின் எந்தப் பாட்டு ஓடினாலும் அவனுக்கு ஒன்றுதான்.

எட்வின் தண்ணீர் குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். 'உப்பாற்று ரயில்' என்று ஒரு படம். அதில் மூன்றாவது பாட்டு. வட்டத்தில் அதற்கு 'மூணாவது' என்றுதான் பெயர். இரண்டாவது இடையிசையில் குழல் வரும். வாசித்தவர் வேதநாயகம் என்பவர். தாளத்தில் அரைத் தட்டு முந்தி நுழைந்துவிட்டார். ஒரே அறையில் எல்லோரும் உட்கார்ந்து ஒரே மூச்சில் பதிவு செய்த காலம் அது. தபலாக்காரர் சட்டென்று ஒரு தட்டை விட்டுக் கொடுத்துக் காத்திருந்தார். வயலின்கள் பின்னாலேயே ஓடி வந்து சேர்ந்துகொண்டன. எல்லாம் சேர்த்து ஒரு நொடிதான்.

இப்போது பாட்டின் உரிமையை வைத்திருக்கும் நிறுவனம் பழைய பாட்டுகளையெல்லாம் இயந்திரத்தில் போட்டு மீட்டுக்கொண்டிருந்தது. இரைச்சல், குரல் பிசிறு, சுருதி விலகல், தாளப் பிசகு எல்லாம் சரியாகிவிடும். சரியான பாட்டு வெளியானதும் பழையது எங்கேயும் கேட்கக் கிடைக்காது. மூணாவதில் இயந்திரம் ஆறு குறைகளைக் கண்டுபிடித்திருந்தது. குழல், குறை எண் நான்கு.

"மனு போட வேண்டியதுதானே" என்றான் தீரன்.

"மனுவெல்லாம் எடுத்துக்க மாட்டாங்களாம் தம்பி. ஒரு நாளைக்கு லட்சம் மனு வருதாம். காதுதான் சாட்சி."

காதுமணியைத்தான் சொன்னார். வேர்க்கடலை அளவுக்கு இருக்கும். காது எந்தச் சத்தத்தின் பக்கம் சாய்கிறதோ அதை எடுத்துக் கொடுத்து, மற்றதை அடக்கி வைக்கும். சந்தைக் கூச்சலில் நின்றாலும் நாம் கேட்க நினைக்கிற ஆளின் பேச்சு தெளிவாக விழும். முதலில் காது மந்தமானவர்களுக்கு வந்தது. இப்போது செருப்பைப் போல அதுவும் ஆகிவிட்டது. போடாதவர் இல்லை. காது எப்போது எதன் பக்கம் சாய்ந்தது என்ற கணக்கு முழுவதும் அதற்குள் இருக்கும். போட்டிருக்கிறவர் திறந்தால்தான் திறக்கும். அவர் இல்லாவிட்டால் வாரிசு.

விதியை ரஹீமா சொன்னாள். ஒரே ஆளின் காது. குறைந்தது ஐநூறு தடவை. குறை வருகிற நொடியில் காது அந்தக் குறையின் மேலேயே நிற்க வேண்டும். நின்றால் அது குறையில்லை, பாட்டின் ஒரு பாகம். இசை மீட்பு ஆணையம் அதைத் தொடவிடாது.

வட்டத்தில் நாற்பத்து மூன்று பேரும் தங்கள் பதிவைத் திறந்து கொடுத்திருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஜெயிப்போம் என்று இருந்திருக்கிறார்கள். ஆயிரம் தடவை கேட்டவர்கள்கூட உண்டு. நாற்பத்து மூன்றும் தள்ளுபடி.

"ஏன்?"

ரஹீமா எட்வினைப் பார்த்தாள். எட்வின் டம்ளரைப் பார்த்தார்.

"எங்க காதெல்லாம் அந்த நொடியில பாட்டுலயே இல்லீங்கண்ணா" என்றாள் அவள். "அக்கா மேல இருக்குது."

குழல் நுழைகிற இடத்தில் பவளம் சிரிப்பாளாம். வாயைத் திறந்து அல்ல, மூக்கால், மூச்சு விடுவதுபோல் சின்னதாக. ஆறு வருடமாக அந்தச் சிரிப்புக்காக எல்லோரும் காத்திருந்திருக்கிறார்கள். தாங்கள் காத்திருந்தது அவர்களுக்கே தெரியாது. வீட்டில் தனியாகக் கேட்கும்போதும் அந்த நொடி வந்தால் காது பாட்டை விட்டுவிட்டு இடப்பக்கம், அவள் உட்காருகிற நாற்காலியின் பக்கம் போய் நின்றிருக்கிறது.

"ரசிகனுங்க மட்டுமே பண்ணக்கூடிய தப்பு தம்பி" என்றார் எட்வின். "பாட்டைக் கேக்கறத விட்டுப்போட்டுக் கேக்கறவங்களக் கேட்டுட்டு இருந்திருக்கறோம். அந்த இடத்த முதல்ல கண்டுபுடிச்சுச் சொன்னதே பவளம்தான். எங்களுக்குள்ள அந்த இடத்துக்குப் பேரே பவளம். 'பவளத்துக்கு முன்னாடி வீணை வருதுல்ல' அப்படின்னுதான் பேசுவோம். அத நேராக்கிட்டாங்கன்னா..."

நாங்கள் அவளைக் கேட்டோம், அவள் குழலைக் கேட்டாள். அவள் காது ஒன்றுதான் மிச்சம். இதுதான் அவர்கள் வாதம். தீரன் கையெழுத்துப் போட்டால் போதும். இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

"முடியாதுங்க" என்றான் தீரன்.

ஏன் என்று எட்வின் கேட்கவில்லை. ரஹீமா கேட்டாள்.

"ஒரு கையெழுத்துண்ணா. கிட்னியா கேட்டோம்?"

"ரஹீமா" என்று அதட்டினார் எட்வின்.

"இல்ல சார், கேக்கறேன். ஒரு பாட்டுல பூபதிக்கு ஆர்மோனியம் வாசிச்சவரு பேர் தெரியணும்னு அக்கா பதினேழு ஊருக்குப் போன் போட்டாங்க. பதினேழாவது ஆளு அவரோட மருமக. அந்தம்மா போன்லயே அழுதுச்சு, எங்க மாமாவ விசாரிச்சு வந்த மொத ஆளு நீதாங்கண்ணுன்னு. அப்பேர்ப்பட்டவங்களுக்கு இவரு..."

எட்வின் எழுந்து நின்றார். அவளும் எழுந்தாள். போகும்போது ஒரு ஃபைலை மேசைமேல் வைத்தார்கள். தள்ளுபடி ஆன பதிவுகள். சும்மா பாருங்க என்றார் எட்வின்.

கதவைச் சாத்திவிட்டுத் தீரன் டம்ளர்களைக் கழுவி வைத்தான்.

பாட்டுக்காகத் திறந்தால் பாட்டு மட்டும் வராது. அது ஓடிய அறையும் சேர்ந்து வரும். அந்தப் பாட்டு ஆஸ்பத்திரியிலும் ஓடியது. கடைசி ஐந்து மாதம் அவன் நிறையப் பேசினான். மாத்திரை, ரத்த அணுக் கணக்கு, என்ன சாப்பிடுகிறாய், டாக்டர் இன்றைக்கு என்ன சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டு பாட்டோடு கிடந்தாள். ஒரு நாள் கேட்டான், நான் சொல்றது கேக்குதா? கேக்குது என்றாள், கண்ணைத் திறக்காமல். அவன் நம்பவில்லை. அவள் காது எங்கே இருந்தது என்பது காதுமணிக்குத் தெரியும். பூட்டிக் கிடக்கிற வரைக்கும் அது எங்கே வேண்டுமானாலும் இருந்திருக்கலாம்.

ஃபைலை மறுநாள் காலையில் பிரித்தான். பக்கத்துக்கு ஒரு வரைபடம். நீலக் கோடு பாட்டு. அதன் மேல் சிவப்புப் புள்ளி காது. பம்புகளின் அதிர்வுப் படத்தைப் படித்துப் பழகியவனுக்கு இது புரிய அரை நிமிடம் ஆகவில்லை. சிவப்புப் புள்ளி நீலக் கோட்டின் மேல் வண்டிபோல் ஓடி வரும். இரண்டு பதினொன்றில் கோட்டை விட்டு இறங்கிவிடும். இறங்கிய இடத்தில் இயந்திரம் தன் போக்கில் ஒரு குறிப்பு எழுதியிருந்தது. 'இடப்பக்கம். பெண். சிரிப்பு.' அவள் இல்லாத இடங்களில் 'இடப்பக்கம். ஓசை ஏதுமில்லை' என்று இருந்தது. ஓசை ஏதுமில்லை என்று தெரிந்தும் புள்ளி அங்கேதான் நின்றது.

அடுத்த பக்கம். இடப்பக்கம். பெண். சிரிப்பு. அதற்கடுத்த பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் அவன் கேள்விப்படாத ஒரு பெயர். வங்கி ஊழியர், தறி ஓட்டுகிறவர், கல்லூரிப் பெண், பல் மருத்துவர். எல்லோருக்கும் அதே பள்ளம், அதே நொடியில். நாற்பத்து மூன்று பக்கத்தையும் புரட்டினான். ஒன்றைக்கூடத் தாண்டவில்லை. ஊரில் ஒரு தெருவுக்குப் பெயர் வைத்தால்கூட இத்தனை பேர் இத்தனை தடவை திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

மத்தியானம் எட்வினைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னான். அந்தப் பக்கம் போன் கை மாறியது. பிறகு ரஹீமாவின் குரல் கேட்டது. "கிட்னி சமாச்சாரம் வாபஸுங்கண்ணா."

ஆணையத்தின் கோவை அமர்வு அவிநாசி சாலையில் ஒரு கட்டடத்தின் நான்காம் மாடியில் நடந்தது. திங்கட்கிழமை காலை. வட்டத்தில் நாற்பத்து மூன்று பேரும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள். நாற்காலி போதவில்லை. கடைசி நாள் என்பதால் மாலை ஐந்து மணி வரைதான் எதையும் தாக்கல் செய்யலாம். விசாரிக்கிறவர் காஞ்சனமாலா, ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. உட்கார்ந்ததும் தன் காதுமணியைக் கழற்றி ஒரு சிறு டப்பாவில் போட்டு மூடினார். நான் எதைக் கேட்டேன் என்று நாளைக்கு யாரும் கேட்கக் கூடாது பாருங்கள் என்றார்.

நிறுவனத்தின் சார்பில் நரேந்திரன் என்ற இளம் வக்கீல். மரியாதையான ஆள். தானும் பூபதி ரசிகன்தான் என்று ஆரம்பித்தார். பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. அவருடைய வாதம் லேசானது இல்லை. அன்றைய ஒலிப்பதிவுக் குறிப்பேட்டில் ஒரு வரி இருக்கிறது: வேதநாயகம் இன்னொரு முறை வாசிக்கக் கேட்டார், நேரமில்லை. "தன் தப்பு அவருக்கே தெரிஞ்சிருக்குது மேடம். சாகற வரைக்கும் அது அவர் மனசுல கிடந்திருக்கும். அவர் கேட்ட இன்னொரு சான்ஸை நாங்க குடுக்கறோம். இவங்க அந்தத் தப்பை வச்சுக் கொண்டாடறாங்க. யார் பக்கம் நியாயம்?"

எட்வின் தலை குனிந்தது. அதை அவர் யோசித்ததில்லை என்று தெரிந்தது.

காஞ்சனமாலா தீரனை அழைத்தார். அறையில் இருந்த சத்தமெல்லாம் சேர்ந்து வரும், எல்லோர் முன்னிலும் ஒலிக்கும், சம்மதமா என்று கேட்டார். சம்மதம் என்று விரலை வைத்தான். ஆணையத்து ஊழியர் பவளத்தின் காதுமணியை இயந்திரத்தில் செருகினார்.

அறுநூற்று நாற்பது தடவை கேட்டிருந்தாள். வட்டத்தில் இருபத்தொன்பது. அவற்றில் அவள் காது குழலின் மேல் இருந்தது, ஆணி அடித்தாற்போல். வட்டத்தில் ஒருவர் கைதட்டப் போய் நிறுத்திக்கொண்டார். பிறகு வீட்டுப் பதிவுகள், ஆஸ்பத்திரிப் பதிவுகள். அறுநூற்றுப் பதினொன்று.

திரையில் சிவப்புப் புள்ளி ஓடி வந்தது. இரண்டு பதினொன்றில் கோட்டை விட்டு இறங்கியது.

அடுத்தது. அதிலும் இறங்கியது. அதற்கடுத்தது. அறுநூற்றுப் பதினொன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் காட்டினார்கள். ஒரே பள்ளம்.

"குழல் மேல இல்லை" என்றார் காஞ்சனமாலா. குரலில் வருத்தம் இருந்தது. "எங்கே போகுது?"

இயந்திரம் எழுதியிருந்ததை ஊழியர் படித்தார். "அறை. ஆண். ஓசை நிற்றல்."

"அப்படின்னா?"

ஒலியைப் போட்டார்கள். பாட்டு பின்னால் போய் அறை முன்னால் வந்தது, அவள் கேட்டபடி. பலகையில் கத்தி படுகிற சத்தம். டக், டக், டக். குழல் வந்தது. கத்தி நின்றது. ஒரு மூச்சு நேரம் கழித்து மறுபடி டக், டக். அடுத்த பதிவில் இஸ்திரிப் பெட்டி துணிமேல் போய் வந்துகொண்டிருந்தது. குழல் வந்தது. பெட்டி நின்றது. செய்தித்தாள் புரட்டுகிற சத்தம், நின்றது. பல் துலக்குகிற சத்தம், நின்றது. யாரோ முன்வரிசையில் மெல்லச் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு போய்விட்டது.

கடைசிப் பதிவு. தேதி தீரனுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை. அதற்கு அடுத்த வெள்ளி அவள் இல்லை. டம்ளரில் ஸ்பூன் சுழல்கிறது. அவன் குரல் ஏதோ பேசிக்கொண்டிருக்கிறது, இந்த வாரம் அணுக்கள் ஏறியிருக்கு என்று. குழல். ஸ்பூனும் நின்றது, குரலும் நின்றது. சிவப்புப் புள்ளி அவன் நிறுத்திய இடத்தில் நின்றது. அந்தப் பதிவில் அது பாட்டுக்குத் திரும்பிப் போகவே இல்லை. அவன் மறுபடி பேச ஆரம்பித்ததும் பேச்சோடேயே போயிற்று, பாட்டு முடிகிற வரை.

தீரன் இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டான்.

நரேந்திரன் எழுந்தார். "மேடம், மனசு கஷ்டமாத்தான் இருக்குது. ஆனா விதிப்படி, அவங்க காது குழல் மேல இல்லை."

"இல்லை" என்றார் காஞ்சனமாலா. பேனாவை எடுத்தார்.

ரஹீமா எழுந்து நின்றாள். பேச அவளுக்கு அனுமதி கிடையாது. "ஒரே ஒரு கேள்வி மேடம். உங்களை இல்ல, அண்ணனை." பதிலுக்குக் காத்திராமல் திரும்பினாள். "நீங்க ஏன் நிறுத்துனீங்க?"

"எதை?"

"எல்லாத்தையும்ணா. கத்தியை, ஸ்பூனை."

"நான் நிறுத்துனதே எனக்குத் தெரியாது."

சொல்லி முடிக்கும்போதே அவன் கை காதுக்குப் போயிற்று. பதினோரு மாதமாக எதிலும் நிதானமாகவே இருந்தவனின் கை அவசரமாக இருந்தது. காதுமணியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினான். "இதைத் திறங்க."

நரேந்திரன் ஆட்சேபித்தார். இவர் வட்டத்தில் உறுப்பினரே இல்லை, பட்டியலில் பெயர் இல்லை, பாட்டு கேட்கத் தெரியாது, இந்தப் பாட்டைக் கேட்டதே இல்லை என்று சம்மதக் கடிதத்திலேயே சொல்லியிருக்கிறார். காஞ்சனமாலா விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஒரு காது என்றுதான் இருக்கிறது, ரசிகரின் காது என்று இல்லையே என்றார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு பத்து.

வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் அவள் பாட்டை ஒலிபெருக்கியில்தான் போடுவாள். பெரும்பாலும் அவனும் அதே அறையில் இருப்பான். அறுநூற்றுப் பதினொன்றில் ஐநூற்று எழுபத்து நான்கு தடவை அவன் பக்கத்தில் இருந்திருக்கிறான். படம் திரையில் வந்தது. இந்தத் தடவை நீலக் கோட்டின் மேல் புள்ளியே இல்லை. பாட்டு அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. புள்ளி எங்கேயோ கீழே, வெங்காயத்திலும் காலரிலும் தலைப்புச் செய்தியிலும் கிடந்தது. முதல் சரணம் போனது. வட்டத்துக்காரர்கள் முகம் வாடியது. இரண்டாவது இடையிசை ஆரம்பித்தது. இரண்டு ஒன்பது. இரண்டு பத்து.

புள்ளி கீழேயிருந்து துள்ளி ஏறிக் குழலின் மேல் போய் உட்கார்ந்தது.

தபலா காத்திருந்த அந்த ஒரு தட்டு முழுவதும் அங்கேயே இருந்தது. வயலின்கள் வந்து சேர்ந்ததும் இறங்கிவிட்டது. ஐநூற்று எழுபத்து நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டார்கள். பள்ளம் இல்லை. ஒரே ஒரு கோபுரம் நின்றது.

எட்வின் எழுந்து நின்றுவிட்டார். அவரைத் தொடர்ந்து எல்லோரும்.

"உக்காருங்க, இன்னும் முடியலை" என்றார் காஞ்சனமாலா. பிறகு தீரனிடம் திரும்பினார். "இந்தப் பாட்டைக் கேட்டதில்லைன்னு சொன்னீங்க?"

"கேட்டதில்லைங்க மேடம்."

"இவ்வளவு நல்லாக் கேக்காம இருந்த ஆளை நான் பார்த்ததில்லை."

அறை சிரித்தது. நரேந்திரனும் சிரித்தார். ஆனால் விடவில்லை. சத்தத்தில் கோளாறு கண்டுபிடிப்பது இவர் தொழில், கோளாறு என்பதால்தானே இவர் காது அங்கே போகிறது, அப்படியானால் அது குறை என்பதற்கே இவர்தான் சாட்சி என்றார். நியாயமான கேள்வி. காஞ்சனமாலா தீரனைப் பார்த்தார்.

தீரன் யோசித்தான். வாயைத் திறந்தபோது, தான் பல மாதங்களாகப் பேசாத அளவுக்குப் பேசப் போகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

"அவர் சொல்றது சரிதாங்க. ஒண்ணு முந்தி வந்துச்சுன்னா என் காது தன்னால திரும்பிக்கும். பம்புல அப்படி ஒண்ணு முந்துச்சுன்னா அடுத்தது மோதும், அதுக்கடுத்தது உடையும். மோதப்போகுதுன்னுதான் ஒவ்வொரு தடவையும் கையை நிறுத்தியிருப்பேன். ஆனா இங்க மோதல. முந்தி வந்த ஆளுக்குப் பக்கத்துல இருந்தவரு இடம் விட்டாரு. மத்தவங்க ஓடி வந்து சேந்துக்கிட்டாங்க. மெஷின் அப்படிப் பண்ணாதுங்க. குழலைத் தள்ளி வச்சீங்கன்னா, தபலாக்காரர் எதுக்காக நிக்கறாருன்னே தெரியாது. அவரு சும்மா நிப்பாரு." நரேந்திரன் பக்கம் திரும்பினான். "வேதநாயகம் ஐயா இன்னொரு தடவை கேட்டாரு, சரி. தப்பு அவரோடது. ஆனா அதைத் தாங்குனது மத்தவங்கள்ல? அதை எப்படி அவருக்காக அழிப்பீங்க?"

நரேந்திரன் தன் காகிதங்களைப் பார்த்தார். பிறகு அவற்றை அடுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

உத்தரவு ஒரே வரி. குறை எண் நான்கு, குறை அன்று. மற்ற ஐந்தையும் இயந்திரம் திருத்தலாம், இதைத் தொடக் கூடாது, எந்தக் காலத்திலும். பதிவேட்டில் அந்த இடத்துக்கு ஒரு பெயர் எழுத வேண்டும், பிற்காலத்தில் தேடுகிறவர்களுக்காக, என்ன எழுத என்று காஞ்சனமாலா கேட்டார். நாற்பத்து மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அரசாங்கப் பதிவேட்டில், பூபதியின் பெயருக்கும் வேதநாயகத்தின் பெயருக்கும் கீழே, மையில் அது ஏறியது: பவளம்.

வராந்தாவில் யாரோ மூணாவதைப் போட்டுவிட்டார்கள். பல் மருத்துவர் ஆடினார். தறி ஓட்டுகிறவர் எட்வினைத் தூக்கப் பார்த்து முடியாமல் இறக்கிவிட்டார். ரஹீமா சுவரோரம் நின்று முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே யாரையோ திட்டினாள். அடுத்த அறைக்காரர் வந்து, இது ஆபீஸா இல்லை கல்யாண மண்டபமா என்று கேட்டார். இரண்டுமில்லீங்க, பூபதி ரசிகர் வட்டம் என்று பதில் வந்தது. நரேந்திரன் படியிறங்கும்போது எட்வினிடம் தணிந்த குரலில் ஏதோ கேட்டுவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டாராம்.

தீரன் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வந்தவர்களெல்லாம் அவன் கையைப் பிடித்தார்கள். இந்தத் தடவை தங்கள் பெயரைச் சொன்னார்கள். பக்கத் தலைப்புகளில் படித்த பெயர்கள். அவன் ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்த்தான்.

ஞாயிறு காலை கண்ணாடிக் கடை மாடி நிரம்பியிருந்தது. பதினோரு மாதமாக அவர்கள் மூணாவதைப் போட்டதில்லை. அவள் உட்காருகிற நாற்காலியில் வங்கிக்காரர் உட்கார்ந்திருந்தார். இடம் இல்லை, அதனால். தீரனுக்குக் கதவோரம் ஒரு ஸ்டூல் கிடைத்தது. எட்வின் வாத்தியங்களைப் பங்கு வைத்தார். குழலுக்குப் பெரிய போட்டி. தீரனுக்குத்தான் கொடுப்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள். எட்வின் கொடுக்கவில்லை.

"புதுசா வர்றவங்களுக்கு இங்க ஒரு சட்டம் இருக்குதுங்க தம்பி. இருக்கறதுலயே சின்ன வாத்தியம்தான். உங்களுக்குக் கிலுகிலுப்பை."

"அது எங்க வரும்?"

"கடைசிச் சரணத்துல" என்றாள் ரஹீமா. "அது வரைக்கும் வெங்காயம் நறுக்கப் போயிடாதீங்க."

பாட்டு ஆரம்பித்தது. முன்னிசை, பல்லவி, முதல் சரணம். அவனுக்கு எதுவும் பிடிபடவில்லை. வீணை வந்தது. இரண்டு பதினொன்றில் குழல் நுழைந்தது, அரைத் தட்டு முந்தி, தபலா இடம் விட, வயலின்கள் ஓடி வர. நாற்பத்து மூன்று பேரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் கீழே இருந்து என்ன ஆச்சு என்று குரல் கொடுத்தார். தீரனும் கத்தியிருந்தான். பக்கத்தில் இருந்தவர் சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்தது.

பிறகு கூச்சல் அடங்கியது. அறை மறுபடி பாட்டுக்குத் திரும்பியது. இந்த இடத்துக்கு அப்பால் அவன் வந்ததே இல்லை. இவ்வளவு நாளும் இங்கேதான் கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பிப் போயிருக்கிறான். ஒரு பெண் குரல் புதிதாக ஒரு வரியைத் தொடங்கியது. இந்தப் பாட்டைப் பாடியது ஒரு பெண் என்பதே அவனுக்கு இப்போதுதான் தெரியும். அவள் என்ன பாடுகிறாள் என்று காது கொடுத்துக் கேட்டான். வரி வரியாகக் கேட்டான். மூன்றாவது இடையிசை வந்து போயிற்று.

கடைசிச் சரணம் தொடங்கியது. எங்கேயோ ஓரத்தில், மணலைச் சலிப்பதுபோல், கிலுகிலுப்பை உள்ளே வந்தது. தட்டு பிசகாமல் வந்தது. தீரன் அதைப் பிடித்துக்கொண்டான்.